மச்சினன் கொடுத்த சைலன்சர்

பஞ்சு என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் ஓரகத்தியின் தங்கை வீட்டுச் சமையலறையில். அவளுடைய மூத்த பெண்ணுக்கு ஒரு இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை சொந்தமாக டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கிறான், ஆஸ்பத்திரித் துணி ஏற்றுகிறான், குடிப்பழக்கம் கிடையாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். குணம் எப்படி என்று நான் கேட்டேன். "பஞ்சுன்னு கூப்பிடறாங்களாம்," என்றாள். அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது என்று இருவரும் விட்டுவிட்டோம். கல்யாணமும் நடந்து முடிந்தது.

அவன் பிறந்தபோது போட்ட முதல் அழுகையே பக்கத்து அறைக்குக் கேட்கவில்லை என்று அவனுடைய அத்தை சொல்லுவாள். வளர்ந்த பிறகும் அப்படித்தான். டீக்கடையில் சர்க்கரை குறைவாக என்று சொல்வான். கடைக்காரர் காதில் சர்க்கரை மட்டும் விழும். பாகு மாதிரி வருகிற அந்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று வேறு சொல்லிவிட்டு வருவான். யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. எதிர்த்துப் பேசவேண்டிய இடத்தில் அவனுக்கு உடனே தாகம் எடுக்கும். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். சொல்லவேண்டியது தண்ணீரோடு உள்ளே போய்விடும்.

வண்டியும் அவனைப் போலவே இருந்தது. வெள்ளை நிறம், வயதானது, அடக்கமானது. விடிந்ததும் ஆஸ்பத்திரியின் பின் வாசலுக்குப் போய், மூட்டை கட்டி வைத்திருக்கும் அழுக்குத் துணியை ஏற்றுவான். ஊருக்கு வெளியே லாண்டரி. அங்கே ஆவி பறக்கும் பெரிய கூடத்தில் துணி வெந்து, பிழிந்து, உருளைகளுக்கு நடுவே நுழைந்து பலகை மாதிரி விறைத்து வெளியே வரும். முதல் நாள் துவைத்து மடித்ததைப் பின்பக்கத் தட்டில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டி, ஆஸ்பத்திரிக்குத் திரும்ப எடுத்து வருவான். அவன் குடும்பம் சாப்பிட்ட சோறெல்லாம் இந்தப் போக்குவரத்தில் வந்ததுதான்.

ஆஸ்பத்திரியில் துணிமணிக்கெல்லாம் பொறுப்பு மேட்ரன் அம்மா. யாரையும் லேசில் பாராட்டாத மனுஷி. பஞ்சுவைப் பற்றிக் கேட்டால் மட்டும், "வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது," என்பார். அதைவிடப் பெரிய நற்சான்று அந்தக் கட்டடத்தில் டாக்டர்களுக்குக்கூடக் கிடைத்ததில்லை.

இப்படி ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மச்சினன் கடை திறந்தான்.

பஞ்சுவின் மனைவிக்கு ஒரே தம்பி. அவனை எல்லோரும் ஐடியா என்றுதான் அழைப்பார்கள். வேலைக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை; யோசனைக்கும் அவனுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். முதலில் வண்ணமீன் தொட்டி விற்றான். மீன்கள் விற்பனையாகும் வரை உயிரோடு இருக்கவில்லை. பிறகு செல்போன் உறை விற்றான். அவன் சரக்கு வந்து இறங்கிய வாரம் எல்லோரும் வேறு அளவு போனுக்கு மாறியிருந்தார்கள். மூன்றாவதாக வந்ததுதான் வண்டி அலங்காரக் கடை. வரிசையாக ஷட்டர் போட்ட கட்டடத்தில் ஓர் அறை பிடித்து, ஸ்டீயரிங் உறை, சீட் உறை, கலர் கலராக விளக்கு, கண்ணாடியில் தொங்கவிடும் வாசனைப் பொட்டலம் என்று ஒன்றுவிடாமல் மாட்டி வைத்தான். மூலையில் ஒரு தாங்கியில் பளபளவென்று சைலன்சர் குழாய்கள். அதில் ஒன்றின் வாய் தண்ணீர்க் குடத்தின் வாய் அகலம் இருந்தது.

இங்கே பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பஞ்சு வீடு மாறியபோது ஐடியா ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்தான். அதை ஓட்டிப் பார்த்த பஞ்சுவின் அக்கா, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே," என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மச்சினன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. கடைசியில் மாமியாரின் தமக்கை, அதாவது என் ஓரகத்தி, பஞ்சுவின் மனைவிக்குப் பெரியம்மா, இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து ஒட்டவைத்தாள். அன்றிலிருந்து பஞ்சுவின் வீட்டில் சத்தம் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. பிள்ளைகள் கூச்சல் போட்டால்கூட, "கொஞ்சம் அமைதியா" என்பாளே தவிர, அந்தச் சொல்லை அவன் மனைவி வாயில் எடுக்கமாட்டாள்.

கடை திறந்த அன்று சொந்தமெல்லாம் வந்திருந்தது. வாசலில் நிறுத்திக்காட்ட ஒரு வண்டி வேண்டுமே என்று ஐடியாவுக்கு யோசனை பிறந்தது. நேராகப் பஞ்சுவிடம் வந்தான்.

"மாமா, சாவியைக் கொடுங்க. இன்னிக்கு உங்களுக்கு என் கையால ஒரு பரிசு."

பஞ்சுவுக்குத் தாகம் எடுத்தது. அவன் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் வண்டிக்கு அடியில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். சொந்தச் சைலன்சரைக் கழற்றிவிட்டு, அந்தக் குடவாய்க் குழாயை வைத்து வெல்டிங் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அசல் சைலன்சருக்கு வயிறு உண்டு. புகை உள்ளே போய்ச் சுற்றி, சத்தம் அடங்கி வெளியே வரும். இந்தக் குழாய்க்கு வயிறும் கிடையாது, குடலும் கிடையாது. போட்டது போட்டபடி வெளியே வரும். வாயைப் பின்பக்கம் கொண்டுபோனால் யார் கண்ணுக்கும் தெரியாது என்று, பின் சக்கரத்துக்கு முன்னாலேயே பக்கவாட்டில் திருப்பி, துணி ஏற்றும் தட்டுக்குச் சரியாகக் கீழே நிறுத்தினார்கள். இழுவை கூடும், மைலேஜ் கூடும் என்று ஐடியா வந்தவர்களுக்கு விளக்கினான். பழசை என்ன செய்வது என்று பஞ்சு கேட்டான். "அந்தக் குப்பையை நான் பாத்துக்கறேன் மாமா," என்றான்.

பிறகு வண்டியைக் கிளப்பினான். ஷட்டர் நடுங்கியது. மாட்டியிருந்த ஸ்டீயரிங் உறைகளில் சில கீழே விழுந்தன. ஒரு சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சொந்தமெல்லாம் கைதட்டியது. எல்லோரும் பஞ்சுவைப் பார்த்தார்கள். அவன் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று மாமியார் அறிவித்தாள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பஞ்சுவும் பார்க்கவில்லை. மாடுதான் அவனைப் பார்த்தது. வண்டி நடுத்தர வேகத்துக்கு வந்ததும் உள்ளே ஒரு ரீங்காரம் எழும். வண்டு மண்டைக்குள் குடியேறியது போல இருக்கும். டேஷ்போர்டில் வைத்த சில்லறை தானாக நகர்ந்து கீழே குதிக்கும். வேகத்தைக் கூட்டினாலும் போகாது, குறைத்தாலும் போகாது. இணைப்பில் எங்கேயோ கசிந்து, கண்ணாடியை ஏற்றினால் புகைநாற்றம், இறக்கினால் இடிமுழக்கம். வேகத்தடை வந்தால் குழாய் தரையில் இடித்து முனகும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்கிற மாதிரி, அவன் பெரிய சாலையில் திரும்பும்போதே வீட்டில் மனைவி அடுப்பில் சோற்றைச் சூடு பண்ண வைத்துவிடுவாள். எதிர் வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. ஒருநாள் வாசலில் நின்று, "பச்சைக்கொடி காட்டட்டுமாப்பா, இல்ல சிக்னல் விழட்டுமா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிப் பல நாளாகிறது என்று அதன் தாய் யாரையும் பார்க்காமல் காற்றிடம் சொன்னாள். பஞ்சுவின் மனைவி இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. வாங்க முடியாது, இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தாள். கேட்டால் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பாள்.

தெருவைக்கூடச் சமாளித்துவிட்டான். ஆஸ்பத்திரியை எப்படிச் சமாளிப்பது? வாசலிலேயே ஹாரன் அடிக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஹாரன் அடிக்கவில்லை என்று இவன் எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

பஞ்சுவுக்கு ஒரு வழி தோன்றியது. ஆஸ்பத்திரிக்கு முன்னால் சாலை சற்றே இறக்கம். இறக்கத்தின் தலையிலேயே இன்ஜினை அணைத்து, வண்டியை உருளவிட்டான். இன்ஜின் ஓடாவிட்டால் ஸ்டீயரிங் உரல் மாதிரி கனக்கும். பிரேக்கை நின்று மிதிக்கவேண்டும். இரண்டு கையாலும் கட்டிப் புரண்டு வாசலுக்குள் திருப்பிவிட்டால், பின் வாசல் வரை வண்டி தானாகப் போகாது. வாட்ச்மேன் தள்ளுவார். துணி மூட்டை தூக்குகிறவர்கள் வந்து தள்ளுவார்கள். மூட்டை ஏற்றியதும் மறுபடியும் எல்லோருமாகச் சாலை வரை தள்ளிக்கொண்டு போய், தூரத்தில் விட்டுத்தான் இன்ஜினைக் கிளப்புவான். கிளப்பும்போது தள்ளியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடுவார்கள்.

ஓடுகிற வண்டியைத் தினமும் தள்ளிக்கொண்டு போகிற மனிதனை அந்த ஆஸ்பத்திரி அதுவரை பார்த்ததில்லை. நோயாளியைப் பார்க்க வந்த ஒருவர் மனமிரங்கி, தனக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக் ஒருவரின் விலாசத்தைப் பஞ்சுவின் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, அதுதான் கஷ்டம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான்.

சத்தத்தை இப்படித் தள்ளித் தள்ளியே ஒழித்துவிடலாம் என்று நினைத்திருந்தான். புகையை அவன் கணக்கில் எடுக்கவில்லை. தட்டுக்குக் கீழே வாயைத் திறந்து வைத்த குழாய், வழி நெடுகக் கரும்புகையைத் தார்ப்பாய்க்கு அடியில் ஊதிக்கொண்டே வந்தது. லாண்டரியில் வெள்ளை வெளேரென்று ஏறிய துணி, ஆஸ்பத்திரியில் இறங்கும்போது ஓரமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. லாண்டரிக்காரர்கள் சோப்பைக் குறை சொன்னார்கள். சோப்புக்காரர் தண்ணீரைக் குறை சொன்னார். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது சுத்தமாக இருந்தது. மேட்ரன் அம்மா மட்டும் யாரையும் கேட்கவில்லை. ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டு பின் வாசலுக்கு வந்து, தார்ப்பாயைத் தூக்கி உள்ளே முகர்ந்து பார்த்தார். பிறகு பஞ்சுவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

அறையில் ஒரு மேசை, துணி அலமாரி, சுவரில் கைகழுவும் முறை வரைந்த படம். உறையை மேசைமேல் விரித்தார்.

"இது என்னப்பா பஞ்சு?"

"தலையணை உறை மேடம்."

"அது எனக்கும் தெரியும். இது மேல இருக்கிறது?"

"புகை மேடம்."

"அறுவை அறைக்குப் போற துணியும் உன் வண்டியிலதான் வருது. வயித்தை அறுத்துப் போட்டிருக்கிறவங்க மேல இதைப் போத்தச் சொல்றியா?"

பஞ்சுவுக்குத் தொண்டை வறண்டது. சுற்றிப் பார்த்தான். அந்த அறையில் தண்ணீர் இல்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"அந்தச் சைலன்சர் என் மச்சினன் கொடுத்தது மேடம். கழட்ட முடியாது."

மேட்ரன் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியது போல இருந்தது.

"எங்க வீட்டு ஹால்ல ஆள் உயரத்துக்கு ஒரு மான் பொம்மை நிக்குது. நாத்தனார் கொடுத்தது. கொம்புல இடிச்சுக்காம ஒரு நாள்கூட நான் ஹாலைத் தாண்டினது இல்ல. உன் கஷ்டம் புரியுது." கண்ணாடியை மறுபடி மாட்டினார். முகமும் பழையபடி ஆனது. "ஆனா என் மான் யார் மேலயும் கரியைத் துப்பறதில்ல. அறுவை அறைத் துணி நாளையிலேர்ந்து மூடின வேன்ல போகட்டும். மத்ததுக்கு மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்கும் மேல ஆச்சுன்னா எல்லாத்தையும் அந்த வேன்காரங்ககிட்டயே கொடுத்துடுவேன். தப்பா நினைச்சுக்காதே."

அன்று வண்டியை எல்லோரும் சாலைக்குத் தள்ளும்போது பஞ்சு யாரோடும் பேசவில்லை. வழக்கமாகவும் பேசமாட்டான், அன்று பேசாதது வேறு மாதிரி இருந்தது என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார். ஆஸ்பத்திரித் துணி போனால் அந்த வண்டிக்கு வேறு வேலை கிடையாது. அந்த வயதில் புதிதாக ஓரிடத்தில் போய் வேலை கேட்பதென்றால் வாயைத் திறந்து கேட்கவேண்டும். அது நடக்கிற காரியமா?

வீட்டில் மனைவியிடம் சொன்னான். அவள் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னாள். கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஆனாலும் கழற்றலாம் என்று அவள் வாயில் வரவில்லை. பெரியம்மா நடையாய் நடந்து ஒட்டவைத்த உறவு. இப்போது அந்தப் பெரியம்மாவுக்கு முழங்காலும் போய்விட்டது, இன்னொரு முறை நடக்க அவளால் ஆகாது. தம்பியிடம் தானே பக்குவமாகப் பேசுகிறேன் என்று போனை எடுத்தாள். வெகு நேரம் அவனுடைய கடை, அம்மாவின் உடம்பு, மழை என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வண்டியின் குரல் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் கனமாக இருக்கிறதாம் என்றாள். ஐடியா புண்படவில்லை. அதைவிட மோசம், அவனுக்கு யோசனை வந்துவிட்டது. குழாயை லாரிகளில் இருப்பது போல மேல்நோக்கி நிமிர்த்தி, கூரைக்கு மேலே கொண்டுபோய் விடலாம், வந்து செய்து தருகிறேன் என்றான். பஞ்சுவின் மனைவி மழை அதிகமாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தாள். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பஞ்சு சட்டைப் பையிலிருந்த விலாசத்தைத் தேடி எடுத்து அந்த மெக்கானிக்கிடம் போனான். மெக்கானிக் வண்டி வரும் ஓசை கேட்டே வெளியே வந்து நின்றிருந்தார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, தொங்கவிடும் ரப்பரெல்லாம் கிழிந்து கிடக்கிறது, இணைப்பில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கட்டே இல்லை, கொஞ்ச நாளில் குழாய் நடுரோட்டில் கழன்று விழுந்து உங்களுக்கு விடுதலை கொடுத்துவிடும் என்றார். அசல் சைலன்சரைக் கொண்டுவந்தால் ஒரு பொழுதில் மாட்டிவிடலாம். புதிதாக வாங்கலாம் என்றால் இந்தப் பழைய மாடலுக்கு வரவழைக்கவே மாதக் கடைசி தாண்டிவிடும். பழைய இரும்புக் கடைகளிலும் விசாரித்துப் பார்த்தாகிவிட்டது. எங்கேயும் இல்லை.

ஆகக் கடைசியில் மச்சினனிடம்தான் போகவேண்டியிருந்தது. பழைய சைலன்சரை எங்கே போட்டாய் என்று கேட்கவேண்டும், அவ்வளவுதான். பஞ்சு அந்த ஒரு வரியை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். வண்டியின் இரைச்சலில் அவனுக்கே அது கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். கடையில் ஆள் இல்லை. பஞ்சு வாசல் படியில் உட்கார்ந்து வரியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். தலையை நிமிர்த்தினால் எதிரே ஐடியா நிற்கிறான். அவனுக்குப் பின்னால் அவனுடைய பிக்கப். மாமாவின் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு அவனும் அதே மாடல்தான் வாங்கியிருந்தான். வண்டி வந்ததே தெரியவில்லை. கதவு சாத்திய ஓசைகூடப் பூப்போல இருந்தது.

"எப்ப வந்தீங்க மாமா? நம்ம குழாய் எப்படி, ஊரே திரும்பிப் பாக்குதா?"

திரும்பிப் பார்க்கிறது என்று பஞ்சு தலையாட்டினான். ஐடியா ஷட்டரைத் தூக்கத் திரும்பியதும், செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்தான். மச்சினன் வண்டியின் அடியில் பஞ்சுவின் சைலன்சர் தொங்கிக்கொண்டிருந்தது. சந்தேகமே இல்லை. லாண்டரிக் கல்லில் இடித்து வயிற்றில் விழுந்த குழியும், அதன் மேல் அவன் தன் கையால் பூசிய வெள்ளிப் பெயின்டும் அப்படியே இருந்தன. பெற்ற பிள்ளையை அடுத்தவன் வீட்டு ஊஞ்சலில் பார்த்தவன் போலக் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தான். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"மாப்ள," என்றான்.

"சொல்லுங்க மாமா."

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

வீட்டில் சொன்னபோது மனைவி நம்பவில்லை. என் தம்பியா, அவன் யோசனைக்காரனே தவிர அடுத்தவர் பொருளைத் தொடுகிறவன் இல்லை என்று கோபித்துக்கொண்டாள். நீங்கள் வெயிலில் எதையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றாள். ஆனால் அன்று சாயங்காலம் முழுவதும் பாத்திரங்கள் ஓசையோடு கழுவப்பட்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. ஐடியாவின் வண்டி வாசலில் நின்றது. பஞ்சுவின் மனைவி உள்ளே போகாமல், காதில் கைவைத்துப் பார்த்து, தோட்டுத் திருகாணி விழுந்துவிட்டது என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தாள். ஒரு பெண்பிள்ளை திருகாணி தேட அவ்வளவு நேரம் ஆகாது. வெளியே வந்தபோது அவள் கண்ணைப் பார்த்த பஞ்சு, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டான்.

மாமியார் கூடத்தில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். ஐடியா செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டு சாய்ந்திருந்தான். அக்கா நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"டேய், எங்க வீட்டு சைலன்சருக்கு உன் வண்டியில என்னடா வேலை?"

செல்போன் மடியில் விழுந்தது. முதலில் எந்தச் சைலன்சர் என்றான். பிறகு அந்த மாதிரி நிறைய இருக்கும் என்றான். வெள்ளிப் பெயின்ட் என்று அவள் சொன்னதும், சோதனைக்காக மாட்டிப் பார்த்தேன் என்றான். கடை திறந்த மறுநாளிலிருந்தா சோதனை என்று கேட்டாள். மாமியார் இடையில் புகுந்து, பாவம் குழந்தை, அக்கா வீட்டுப் பொருள் தொலைந்துவிடக் கூடாதென்று வண்டியிலேயே மாட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறான், அதற்குப் போய் இப்படிக் கத்துகிறாயே என்றாள். ஐடியாவுக்கே அது கொஞ்சம் அதிகமாகத் தோன்றியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான்.

"கடை திறக்கறதுக்கு முன்னாடி நானும் அந்தக் குழாயைத்தான் மாட்டினேன்கா, என்னோட பழசை அறுத்துத் தூக்கிப் போட்டுட்டேன். ரெண்டு நாள் ஓட்டினேன். மண்டை வெடிச்சுடும் போல ஆயிடுச்சு. அதான் மாமாவோடதை எடுத்து மாட்டிக்கிட்டேன். என்னால அந்தச் சத்தத்தைத் தாங்க முடியலக்கா."

சத்தம் என்ற சொல் அவன் வாயிலிருந்தே விழுந்ததும் கூடத்தில் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். தட்டு வைத்த கை வைத்தபடியே நின்றது. அந்த அமைதியில், அதுவரை சுவரோரமாக நின்றிருந்தவன் பேசினான்.

"எனக்கும்தான் மாப்ள."

வழக்கமான குரல்தான். ஆனால் அன்று எல்லோருக்கும் கேட்டது. வேறு யாரும் அப்போது பேசிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் காரணம். இருந்தாலும், தண்ணீர் கேட்காமல் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டானே என்று அவன் மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வேலை போகப் போகிறது என்பதையும் பஞ்சு அங்கேயே சொன்னான். மாசக் கடைசி வரைதான் கெடு, உன் வண்டியில் இருப்பதைக் கழற்றிக் கொடு என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தண்ணீர் இருந்த பக்கம் போனான்.

இனி என்ன, கழற்றி மாட்டவேண்டியதுதானே என்று வேறு குடும்பமாக இருந்தால் முடித்திருப்பார்கள். இங்கே மாமியார் இருந்தாள். மகன் கொடுத்த பரிசைத் திருப்பிக் கொடுப்பதாவது? மகன் எடுத்த பொருளைத் திருப்பி வாங்குவதாவது? நாலு பேருக்குத் தெரிந்தால் கடை என்ன ஆகும்? சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள். யாரும் எதையும் திருப்பித் தரவேண்டாம். தம்பி அக்கா வீட்டுக்கு இன்னொரு பரிசு கொடுக்கட்டும்.

அப்படித்தான் நடந்தது. பஞ்சுவின் பழைய சைலன்சரைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, புதிதாக வெள்ளிப் பெயின்ட் அடித்து, பூப்போட்ட காகிதத்தில் சுற்றி, நாடா கட்டிக் கடை வாசலில் வைத்தார்கள். குழியை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த இடத்தில் நாடாவைப் பூவாக முடிந்துவிட்டார்கள். சொந்தம் மறுபடியும் வந்தது. அமைதியை விரும்பும் வாடிக்கையாளர்களுக்கென்று இறங்கியிருக்கும் புது ரகம் இது என்று ஐடியா விளக்கினான். முதல் ஆளாக என் மாமாவுக்கே கொடுக்கிறேன் என்றான். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. பஞ்சு தன்னுடைய சைலன்சரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மச்சினனோடு நின்று படம் எடுத்துக்கொண்டான். கனமாக இருந்தது. தூக்கிக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தான்.

மெக்கானிக் வெல்டிங்கை அறுத்துக் குடவாய்க் குழாயை இறக்கினார். கசிந்த இடத்தில் அடையடையாய்க் கரி. துருப்பிடித்த போல்ட்டுகளைப் பெயர்த்துவிட்டு, புதுக் கேஸ்கட் வைத்து, புது ரப்பர் போட்டு, நாடாவைக் கத்தரித்து எறிந்துவிட்டு அசலை மாட்டினார். சாவியைத் திருப்பியதும், ஓடுகிறதா இல்லையா என்று பானட்டில் கையை வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பஞ்சு இறக்கத்தின் தலையில் பழக்கதோஷத்தில் இன்ஜினை அணைத்துவிட்டான். பிறகு நினைவு வந்து, மறுபடி கிளப்பி, ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி உள்ளே போனான். தள்ளுவதற்குக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்ற வாட்ச்மேனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மேட்ரன் அம்மா துணி இறங்கியதும் ஒரு தலையணை உறையை எடுத்து ஓரத்தில் விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது.

"மச்சினன் கோவிச்சுக்கலையா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். இதையும் அவர்தான் கொடுத்தார்."

மேட்ரன் அம்மா உறையை மடித்து வைத்தார். வார்டுகளின் அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அறுவை அறைத் துணியைப் பற்றிப் பஞ்சு கேட்கலாமா என்று நின்றான். அதற்குள் அவர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

ஐடியா தனக்கு ஒரு புதுச் சைலன்சருக்குச் சொல்லிவைத்து, அது வரும் வரை பஸ்ஸில் போனான். குடவாய்க் குழாய் கடையின் சுவரில் ஏறியது. அக்கா கணவருக்கு இரண்டு முறை சைலன்சர் கொடுத்த தம்பி என்று சொந்தத்தில் அவனுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. நல்லது கெட்டதில் பஞ்சுவைப் பார்க்கிற பெரியவர்கள், இப்படி ஒரு மச்சினன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். பஞ்சு ஆமாம் என்பான். அவன் மனைவி மட்டும் அந்த நேரத்தில் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவாள்.

பஞ்சு இப்போதும் அதே தெருவில், ரயில்வே கார்டு வீட்டுக்கு எதிர் வீட்டில்தான் இருக்கிறான். காலையில் வார்டுத் துணிகளை ஏற்றிக்கொண்டு போகிறான், மதியம் வீட்டுக்கு வந்து தூங்குகிறான், அறுவை அறைத் துணி மட்டும் இன்னும் அந்த மூடிய வேனில்தான் போகிறது.